மறுப்பை மையால் எழுதியோர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், சங்கத்தின் உதவியால் படித்துப் பட்டம் பெற்றோரும், இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று வருவோரும் இம்மலரைக் கையில் எடுப்பர். அவர்களுக்குச் சொல்லத்தக்க செய்திகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக் கொள்கிறோம். தமக்கு உடன்பாடில்லாத ஒன்றை, அதிகாரம் படைத்தோர் முன்னிலையில், ஆங்கில மொழியில், எழுத்து வடிவில் நம் முன்னோர் எவ்வாறு மறுத்தனர் என்பதே அச்செய்தி.

வரலாறு என்றவுடன் போராட்டங்களும் ஊர்வலங்களும் மாநாடுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை போற்றத்தக்கவையே. ஆயினும் ஒவ்வொரு போராட்டத்தின் பின்னும் ஒரு தாள் இருந்திருக்கிறது. அத்தாளில் ஒருவர் உட்கார்ந்து, சிந்தித்து, சொல்லைத் தேர்ந்து, கீழே கையொப்பம் இட்டிருக்கிறார். கூட்டத்தில் எழுந்த முழக்கம் அன்று மாலையே காற்றில் கலந்துவிடும். தாளில் எழுந்த மறுப்போ கோப்பில் ஏறி, அச்சில் ஏறி, நூறாண்டுக்குப் பின்னும் நம்மிடம் வந்து சேர்கிறது.

ஆங்கிலம் ஏன்?

வெள்ளையர் ஆட்சியில் ஆணைகள் ஆங்கிலத்தில் பிறந்தன. ஊர்ச் சாவடியில் நம் மக்கள் அழுது சொன்ன குறை, மணியக்காரர் வாய்வழியாகவும் வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் கைவழியாகவும் மேலே சென்றது. செல்லும் வழியிலேயே அது தேய்ந்தது. சில வேளைகளில் திரிந்தது. இடையில் நிற்போரைத் தாண்டி முடிவெடுப்போர் மேசைக்கு நேராகச் செல்ல வேண்டுமானால், அவர்கள் படிக்கும் மொழியில் எழுதியே ஆக வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்தனர். தமிழ்மீது அவர்களுக்குப் பற்று இல்லாமல் இல்லை. தம் மக்களிடம் பேசத் தமிழில் இதழ் நடத்தியவர்களே, ஆள்வோரிடம் வாதாட ஆங்கிலத்தைக் கையாண்டனர்.

அக்கால ஆங்கில மனுவுக்கென ஒரு வாய்பாடு இருந்தது. தொடக்கத்தில் “ஐ பெக் டு ஸ்டேட்” என்று இரந்து நிற்க வேண்டும். முடிவில் “யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வண்ட்” என்று பணிந்து முடிக்க வேண்டும். இது எல்லாருக்கும் பொதுவான எழுத்து வழக்கமே எனினும், பிறர்க்கு அது வெறும் சடங்கு. தெருவில் துண்டை இடுப்பில் கட்டி நிற்கும்படி விதிக்கப்பட்ட நம் மக்களுக்கோ அது வாழ்க்கையின் மறுபதிப்பு. அந்த இரப்பு மொழிக்குள் நின்றுகொண்டே “இதற்கு நாங்கள் உடன்படவில்லை” என்று எழுதியது எளிய செயல் அன்று.

ஆங்கில ஆட்சிமுறையில் மறுப்புக்கும் ஓர் இடம் இருந்தது. ஒரு குழுவில் பலர் ஒரு முடிவுக்கு வர, ஒருவர் மட்டும் உடன்படாவிடின் அவர் தம் காரணங்களை எழுதி அறிக்கையோடு இணைக்கலாம். இதனை மாறுபட்ட குறிப்பு என்பர். அரசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த சர் சி. சங்கரன் நாயர், 1919 மார்ச் 5ஆம் நாள், அரசியல் சீர்திருத்தம் பற்றி அத்தகைய குறிப்பை எழுதினார். தோற்ற பக்கத்தின் வாதமும் ஏட்டில் நிற்கும் என்பதே இம்முறையின் பயன். நம் தலைவர்கள் இவ்வாயிலை நன்கு அறிந்து பயன்படுத்தினர்.

நூற்றுப் பன்னிரண்டு அடி நீளத் தாள்

செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், கோயமுத்தூரில் கல்லூரிக் கல்வி பயின்றவர். உடன் பயின்றோர் பெரும்பாலும் மேற்சாதியினர். தம் பிறப்பு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தோடேயே அவர் படித்த வரலாற்றைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு ஒளிந்து படித்தவர், 1893 அக்டோபரில் நம் குலப்பெயரையே தலைப்பாக இட்டுச் சென்னையில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார்.

அவ்வாண்டு ஜூன் மாதம், இந்தியச் சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோலவே இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் இங்கிலாந்தின் மக்களவையில் நிறைவேறியது. காங்கிரஸ் நெடுநாளாகக் கேட்டு வந்த கோரிக்கை அது. நாடெங்கும் கற்றோர் மகிழ்ந்தனர். சீனிவாசன் அவர்களோ மாறுபட்டார். அன்றைய நிலையில் அத்தேர்வு இங்கு நடந்தால், தலைமுறை தலைமுறையாகக் கல்வியைத் தம் கையில் வைத்திருந்தோரே ஆட்சிப் பொறுப்புகளை எல்லாம் பெறுவர். தெருவிலும் கிணற்றிலும் நம்மை விலக்கி வைப்பவர் கையிலேயே நீதியும் நிர்வாகமும் போய்ச் சேரும் என்பது அவர் கருத்து.

1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, நாடாளுமன்றத்திற்கு ஒரு மனுவை அவர் உருவாக்கினார். அதன் நீளம் 112 அடி. அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னி என்பார் வழியாக அது நாடாளுமன்றத்திற்குச் சென்றது.

இம்மனுவின் கருத்தை இன்று ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். நாட்டு விடுதலை நோக்கில் அதனைக் குறை கூறியோரும் உண்டு. ஆங்கில அரசின் அதிகாரிகள் தம் சொந்தக் காரணங்களுக்காகவும் அத்தீர்மானத்தை எதிர்த்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. 1922ஆம் ஆண்டில்தான் அத்தேர்வு முதன்முதலாக இந்தியாவில், அலகாபாத்தில் நடைபெற்றது. நாம் இங்கே நோக்க வேண்டியது வேறொன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திலிருந்து, நிலவுடைமையாளரை அண்டிப் பிழைத்தோர் மிகுந்த காலத்தில், மூவாயிரத்து நானூற்றுப் பன்னிருவர் தம் பெயரைத் தாளில் பதித்தனர். பெயரைப் பதிப்பது என்றால் பின்விளைவைத் தாங்குவது என்று பொருள். நாடே ஒரு பக்கம் நின்று பேசியபோது, “எங்கள் நிலை வேறு, எங்கள் காரணம் இது” என்று எழுதும் துணிவு அவர்களுக்கு இருந்தது. தம் பெயரோடு நிற்பது மறுப்பெழுத்தின் முதற் பண்பு.

தனி அறிக்கை

1927 நவம்பரில் அமைக்கப்பெற்ற சைமன் குழுவோடு ஒத்துழைப்பதற்காகப் பம்பாய்ச் சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அதில் அண்ணல் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். ஏனைய உறுப்பினர்கள் தம் அறிக்கையை முடித்தபோது, அண்ணல் அதில் கையொப்பமிடவில்லை. 1929 மே 17ஆம் நாளிட்டுத் தாமே ஒரு தனி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி அளித்தார்.

அவ்வறிக்கையை நம் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். “என் உடன் உறுப்பினர்கள் தவறு செய்தனர்” என்று கூறி அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. மாகாணத்தின் எல்லை, வாக்குரிமை, சட்டமன்றம், அமைச்சரவை, அரசுப் பணிகள் என ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து, தம் முடிவையும் அதற்குரிய காரணத்தையும் வரிசைப்படுத்தினார். இரட்டையாட்சியை நீக்கி மாகாணத்தில் பொறுப்பாட்சி வேண்டும் என்றார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். அவ்வாக்குரிமை கிட்டுமாயின் கூட்டுத் தொகுதியில் நம் மக்களுக்கு ஒதுக்கீட்டு இடங்கள் போதும் என்றார்.

வாக்குரிமை பற்றிய பகுதியில் அவர் வாதம் செல்லும் முறை கருதத்தக்கது. படிப்பறிவு இல்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்பது அன்றைய பெரியோர் பலரின் கேள்வி. அண்ணல் அக்கேள்வியை முதலில் நேர்மையாக எடுத்துரைக்கிறார். பின்னர் அதனுள் மறைந்து கிடக்கும் இரு தவறான எண்ணங்களைப் பிரித்துக் காட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவன் அறிவில்லாதவன் என்று கொள்வது ஒன்று. எழுத்தறிவு வந்த உடனே அறிவும் உயர்ந்துவிடும் என்று நம்புவது மற்றொன்று. இரண்டும் பொய் என்று நிறுவிய பின் எதிராளியின் கோட்டை தானே சரிகிறது. பள்ளிக் கதவை அடைத்து வைத்தவர்களே பள்ளிக்குப் போகாததைக் குற்றமாகச் சொல்லும் கொடுமையை எண்ணும்போது நமக்குக் கோபம் வருகிறது. அண்ணலுக்கும் வந்திருக்கும். அக்கோபத்தை அவர் வாதமாக மாற்றினார்.

1928இல் வெளிவந்த நேரு அறிக்கையும் வயது வந்தோர் வாக்குரிமையைக் கோரியிருந்தது. எனினும் சைமன் குழு அதனை ஏற்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை வழங்கவில்லை. அண்ணல் தோற்றார் என்றே அன்று பலர் எண்ணியிருப்பர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர், 1929இல் தனியே கையொப்பமிட்ட அதே மனிதர். தோற்ற கருத்தையும் காரணத்தோடு எழுதி வைத்தால் அது காலத்துக்காகக் காத்திருக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

குறையும் வேண்டும், மாற்றும் வேண்டும்

1930 நவம்பரில் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் சார்பாகச் சென்றவர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் இணைந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் அரசியல் பாதுகாப்புக்கான திட்டம் ஒன்றை எழுத்து வடிவில் மாநாட்டின் முன் வைத்தனர்.

அதில் எட்டு நிபந்தனைகள் உள்ளன. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் பங்கு, நலன்கள் புறக்கணிக்கப்பட்டால் முறையிடும் வழி, தனித் துறை, அமைச்சரவையில் இடம் என்பன அவை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே, அது சட்டத்தில் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்பதற்கான வாசகத்தையும் அவர்கள் அமைத்துக் கொடுத்தனர். ஊர் விலக்கு என்னும் கொடுமையைப் பற்றிக் கூறும்போது பம்பாய் அரசு அமைத்த குழுவின் அறிக்கையையே சான்று காட்டினர். ஊர் விலக்கைக் குற்றமாக்கும் பிரிவுகளுக்கு 1922ஆம் ஆண்டுப் பர்மியச் சட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக் கொண்டனர்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? “எங்களுக்கு நீதி இல்லை” என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அனுதாபம் தெரிவித்துவிட்டுத் தாளை மடித்து வைப்பார். “நீதி இல்லை, சான்று இது, வேறு நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு, இந்நாட்டுக்கு ஏற்ற வாசகம் இது” என்று எழுதினால் அவர் ஒன்று அதனை ஏற்க வேண்டும், அன்றேல் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் கூற வேண்டும். எதிராளியைப் பதில் கூறும் கடமைக்கு ஆளாக்குவதே வலிய மறுப்பு.

எதிராளியின் சொல்லையும் அச்சிட்டவர்

இலாகூரில் இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல் என்னும் சாதி ஒழிப்பு அமைப்பு, தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணலை 1935 டிசம்பரில் அழைத்தது. அவர் எழுதிய தலைமையுரையின் சில பகுதிகள் அமைப்பினருக்கு அச்சமூட்டின. அவற்றை நீக்க வேண்டும் என்று 1936 ஏப்ரல் 14ஆம் நாள் கடிதம் வந்தது. ஏப்ரல் 27ஆம் நாள் அண்ணல் விடை எழுதினார். ஒரு காற்புள்ளியைக் கூட மாற்ற இயலாது என்பது அதன் சாரம். மாநாடு நடைபெறவில்லை. மே மாதத்தில் அவ்வுரையைத் தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டு மாதத்தில் அவை தீர்ந்தன. ‘சாதி ஒழிப்பு’ என்று நாம் போற்றும் நூல் அதுவே. அவ்வாண்டிலேயே ‘குடி அரசு’ இதழ் அதனைத் தமிழில் வெளியிட்டது நாம் அறிந்ததே.

காந்தியடிகள் 1936 ஜூலை 11, 18 ஆகிய நாள்களில் ‘ஹரிஜன்’ இதழில் அந்நூலை விமரிசித்து எழுதினார். எட்டணா விலை மிகுதி என்று கூடக் குறிப்பிட்டார். சீர்திருத்தவாதிகள் அதனைப் புறக்கணிக்க முடியாது என்றும் ஒப்புக் கொண்டார். 1937இல் அண்ணல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதில் காந்தியடிகளின் விமரிசனத்தைத் தாமே அச்சிட்டு, அதன் பின்னரே தம் விடையை வைத்தார். இலாகூர் அமைப்போடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அந்நூலிலேயே சேர்த்திருந்தார்.

எதிராளி சொன்னதைத் தம் வாசகர் கையிலேயே கொடுத்துவிட்டு, “இரண்டையும் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று நிற்பதற்குப் பெரும் தன்னம்பிக்கை வேண்டும். விடையிலும் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் தம் நூலில் உண்மையில் கூறியவை எவை என்று தொகுத்தார். பின்னர் காந்தியடிகள் எழுப்பிய கருத்துகளை வரிசைப்படுத்தினார். அதன் பிறகே ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். அவ்விடையில் கூரிய சொற்கள் உண்டு, குத்தலும் உண்டு. அவையெல்லாம் வாதத்தைத் தொடர்ந்து வருகின்றன. வாதத்திற்குப் பதிலாக வருவதில்லை. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும்.

நண்பரிடமும் மறுப்பு

பகைவரை மறுப்பது ஒரு வகையில் எளிது. நம்மோடு நின்றவரை மறுப்பதே அரிது. ஆசிரியத் தொழிலில் இருந்து பொதுவாழ்வுக்கு வந்து, 1925இல் ‘தி ஒப்ரெஸ்ட் ஹிந்தூஸ்’ என்னும் ஆங்கில நூலை எழுதிய ராவ் பகதூர் எம்.சி. ராஜா, 1932இல் இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து கொண்டவர். 1936இல், நம் மக்கள் சீக்கிய சமயத்திற்கு மாறுவது பற்றி அதே மூஞ்சே ராஜாவுக்கு எழுதி ஆதரவு கேட்டார். ராஜா மறுத்து எழுதினார். நம் மக்களின் துன்பத்தைச் சமயங்களுக்கிடையே தலை எண்ணும் கணக்காகப் பார்க்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அக்கடிதப் போக்குவரத்தை அவர் பொதுமக்கள் பார்வைக்கும் கொண்டு வந்தார்.

மதமாற்றம் குறித்து ராஜாவுக்கும் அண்ணலுக்கும் இடையே கருத்து வேற்றுமை இருந்தது. யார் கருத்து சரி என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் கைகோத்த ஒருவரிடம், “இதில் உடன்படேன்” என்று காரணங்காட்டி எழுத ராஜாவால் முடிந்தது. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் கருத்து வேற்றுமையால் அன்று. அதனைத் திண்ணையில் முணுமுணுத்து, கூட்டத்தில் வாய்மூடி, பின்னர்ப் பகையாக வளர்ப்பதாலேயே உடைகின்றன. நம் சங்கத்தின் செயற்குழுவிலும் மாறுபட்ட கருத்து எழுத்தில் பதிவாகுமானால் அதனால் நமக்கு வலிமையே கூடும்.

பதவியை விட்ட தாள்

1951 செப்டம்பர் 27ஆம் நாள், சட்ட அமைச்சராயிருந்த அண்ணல் தம் பதவி விலகல் கடிதத்தைப் பிரதமர் நேருவுக்கு அனுப்பினார். அக்டோபர் 10ஆம் நாள் நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை படிக்க இருந்தார். அறிக்கையின் படியை முன்னதாகவே தர வேண்டும் என்பது பற்றித் தடை எழவே, அவையை விட்டு வெளியேறி, அதனைப் பத்திரிகைகளுக்கு அளித்தார். அன்று அவையில் படிக்கப்படாத அவ்வறிக்கை எழுத்தில் இருந்தமையால் நாடு முழுவதும் படித்தது.

ஓர் அமைச்சர் ஏன் விலகுகிறார் என்று மக்கள் அறியாவிடின் அவர்மீது ஐயம் எழும் என்பதை அண்ணல் அறிவார். ஆதலின் காரணங்களைத் தனித்தனியே பிரித்தார். தமக்குத் தரப்பட்ட துறை பற்றியது ஒன்று. பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டது ஒன்று. காஷ்மீரம் பற்றியது ஒன்று. அயல்நாட்டுக் கொள்கை பற்றியது ஒன்று. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது ஒன்று. பெண்களின் சொத்துரிமைக்கும் மணவுரிமைக்கும் உரிய அம்மசோதா, பின்னர் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் நான்கு சட்டங்களாக நிறைவேறியது. அப்போது அவர் அமைச்சராக இல்லை. அவர் எழுத்து இருந்தது.

இன்று நமக்கு

தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. மாநில அலுவலகங்களுக்கு நாம் தமிழிலேயே எழுதலாம், எழுத வேண்டும். எனினும் உயர் நீதிமன்றம், மத்திய அரசுத் துறைகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றில் ஆங்கிலத்தின் ஆட்சி இன்னும் நீங்கவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் மறுத்தெழுதும் திறன் நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது. பணிவாக விண்ணப்பிக்க அவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். மறுக்கக் கற்றுத் தருவதில்லை. விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாணவனுக்கு, உதவித்தொகை தவறாக மறுக்கப்பட்டால் என்ன எழுதுவது என்று தெரிவதில்லை.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி. உதவித்தொகை வராமல் தவித்த மாணவர் இருவர் ஓர் அலுவலகத்திற்கு எழுதினர். ஒருவர் கோபத்தில் அதிகாரியை ஏசி இரண்டு பக்கம் எழுதினார். ஏச்சுக்கு விளக்கம் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. உதவித்தொகைப் பேச்சு மறைந்தே போயிற்று. மற்றவர் விண்ணப்பித்த நாள், பெற்ற ஒப்புகை எண், அரசாணை, இதுவரை வந்த பதில் ஆகியவற்றைக் குறித்து, இம்மறுப்பு ஆணைக்கு முரணானது என்று அரைப் பக்கம் எழுதினார். அவருக்குத் தொகை வந்தது. முதல் மாணவரின் கோபம் நியாயமானது. அந்நியாயமான கோபத்தை, தப்பித்துக் கொள்ளும் வாயிலாக அதிகாரியின் கையிலேயே அவர் கொடுத்துவிட்டார் என்பதே வருத்தம்.

ஆங்கிலத்தில் மறுப்பவர் முதலில் எழுவாயைக் கவனிக்க வேண்டும். “யூ ஆர் ராங்” என்று எழுதினால் சண்டை ஆளோடு. “தி ஆர்டர் இஸ் காண்ட்ரரி டு தி ரூல்” என்று எழுதினால் சண்டை ஆணையோடு. ஆணைக்குத் தன்மானம் இல்லை, அது திருத்தப்படலாம். அடுத்து, “ஐ ரிக்ரெட் தட் ஐ ஆம் அனேபிள் டு அக்ரீ” என்னும் தொடர் மென்மையாகத் தோன்றினும் உறுதியானது. வருந்துகிறேன் என்கிறது, வளைகிறேன் என்று சொல்லவில்லை. இரந்து கேட்கும் “பெக்” என்னும் சொல் இன்று தேவையில்லை. “ஐ ரிக்வெஸ்ட்” என்பதே போதும். வியப்புக் குறிகளையும் தடித்த எழுத்துகளையும் அடுக்குவதால் வாதம் தடிப்பதில்லை.

சில சொற்களுக்குச் சட்டமே விலை வைத்திருக்கிறது. அரசு நிலம் எடுக்கும்போது, தரும் இழப்பீடு போதாது என்று கருதுவோர், “அண்டர் ப்ரொடெஸ்ட்” என்று எழுதி, எதிர்ப்புடன் அதனைப் பெற்றுக் கொள்ளலாம். அவ்வாறு எதிர்ப்பைத் தெரிவிக்காது பெற்றுக் கொண்டவர், தொகையை உயர்த்தக் கோரும் உரிமையை இழப்பார் என்று 1894ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. இவ்விரு சொற்களை எழுதத் தெரியாமையால் உரிமை இழப்போர் நம் மக்களாகவே இருத்தல் கூடாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதில் நிறைவளிக்காவிடின் மேலும் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அம்மேல்முறையீடும் ஒரு மறுப்புரையே. நாளைத் தவறவிட்டால் நியாயமும் தவறும்.

மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்டு வரும் அண்ணலின் ஆங்கில எழுத்துகளின் முதல் தொகுதியில் ‘சாதி ஒழிப்பு’ நூலும் காந்தியடிகளின் விமரிசனமும் உள்ளன. இரண்டாம் தொகுதியில் 1929ஆம் ஆண்டுத் தனி அறிக்கையும் வட்டமேசை மாநாட்டு ஆவணங்களும் உள்ளன. இவ்விரு தொகுதிகளும் நம் சங்க நூலகத்தில் மாணவர் கைக்கு எட்டும் அடுக்கில் இருக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் ஒரு பகுதியைப் படித்து, அதன் பின் நம் ஊரின் உண்மையான குறை ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மறுப்புரை எழுதும் பயிற்சியைத் தொடங்கலாம். சுடுகாட்டுப் பாதை, விடுதிக் குடிநீர், உதவித்தொகைத் தாமதம் எனப் பொருள்களுக்குப் பஞ்சம் இல்லை. எழுதியதை உரிய அலுவலகத்திற்கு அனுப்பி, ஒப்புகை பெற்று, படி ஒன்றைச் சங்கக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அக்கோப்பைப் புரட்டுவோர் அதில் வெற்றிகளையும் காண்பர், தோல்விகளையும் காண்பர். தோற்ற தாளிலும் நாளும் காரணமும் மாற்றும் கையொப்பமும் இருக்குமானால், அது நம் முன்னோர் 1893இல் தொடங்கிய நீண்ட தாளின் தொடர்ச்சியே ஆகும். அத்தாளில் அடுத்த கையொப்பம் நம் இளைஞர்களுடையது.